மறுபடியும் தூக்கிய கை

ஞாயிறு மதியம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயிலில், எனக்கு எதிரே சபை முடிந்து வந்த இரண்டு பெண்கள். இருவர் மடியிலும் பைபிள். இளையவள் காலடியில் ஆஸ்பத்திரிக்கான துணிப்பை.

“ரட்சிப்பு வேணுங்கிறவங்க கையைத் தூக்குங்கன்னு பாஸ்டர் சொன்னப்போ, இன்னிக்கும் எதுக்குத் தூக்கினே?” என்றார் மூத்தவர். “போன மாசமே ஆண்டவரைக் கூப்பிட்டு ரட்சிக்கப்பட்டுட்டே. பாஸ்டர் உன்னைப் புது ஆளுன்னு நினைச்சிருப்பாரு லா.”

“அன்னிக்குச் சரியா கூப்பிட்டேனான்னு தெரியலை அண்ணி. நாளைக்கு ஆபரேஷன். மயக்கத்துலேர்ந்து எழுந்திரிக்கலைன்னா?”

“ஒரு தடவை கூப்பிட்டா போதும். அவருக்கென்ன காது கேக்காதா?”

இளையவள் பைபிள் உறையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஷா ஆலம் வந்து போனது.

“அப்போ எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாங்களே. நான் தூக்கினதை நீங்க எப்படிப் பார்த்தீங்க?”

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“யாராவது என்னைப் பார்க்கிறாங்களான்னு கண்ணைத் திறந்தேன்.”

“உங்களை எதுக்குப் பார்க்கணும்?”

“நானும் தூக்கியிருந்தேன்.”

ஜிப் சத்தம் நின்றது.

“நீங்களா? இருபது வருஷமா சபைக்குப் போறீங்களே அண்ணி!”

“ஆமா லா. அடுத்த வாரம் வந்து சேரு. சேர்ந்தே தூக்குவோம்.”