இடது மூலை

இல்ல சார், வேணும்னு போடல. அந்த வீடியோவ இன்னும் பத்து தடவ ஓட்டிக் காமிச்சாலும் இதைத்தான் சொல்வேன். நிறுத்துங்க, போதும். எனக்கே பாக்கக் கண்றாவியா இருக்கு. நம்ம நெட்டை கூடைக்கு நேர்கீழ தனியா நிக்கிறா, ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு வா வான்னு நிக்கிறா, நான் அவளைத் திரும்பிக்கூடப் பாக்காம இடது மூலைக்குப் பந்தைப் போடறேன். அங்க ஈ காக்கா கிடையாது. பந்து நேரா அந்த போட்டோக்காரர் மடியில போய் விழுது. பாவம், அவர் ஏதோ பரிசு குடுத்த மாதிரி அதைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கார்.

சிரிங்க சார், தப்பில்ல. வெளிய எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு.

என்ன கேட்டீங்க? ஓ. சரி, சுத்தி வளைக்காம நேராவே கேட்டுட்டீங்க, அது எனக்குப் பிடிக்கும். இல்ல சார். பழைய கோச், அதான் எங்க மாஸ்டர், அவரத் திரும்பக் கொண்டு வரணும்னு நான் மேட்ச விட்டுக் குடுக்கல. மேனேஜர்தான அப்படிச் சொன்னார்? அவர் சொல்லுவார். அவருக்குப் பந்து உருண்டையா இருக்கும்ங்கறதத் தவிர இந்த ஆட்டத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. சீசன் கடைசியில அடிமட்டத்துல நின்னா டீமையே கலைச்சிருவோம்னு கம்பெனி சொல்லிடுச்சு. கலைஞ்சா நான் எங்க சார் போவேன்? இந்த வயசுல எனக்கு எந்த டீம்ல இடம் குடுப்பாங்க? எங்கூட இருக்கற பொண்ணுங்க எல்லாருக்கும் இதுதான் சோறு போடுது. என் வாயில நானே மண்ணப் போட்டுப்பேனா?

கதவை மட்டும் சாத்திக்கட்டுமா? வெளிய பந்து தட்டற சத்தத்துல நான் பேசறது எனக்கே கேக்கல. ஆங், இப்ப சரி.

உங்களச் சொல்லிக் குத்தமில்ல சார். ஓடற பஸ்ல ஏறின மாதிரி சீசன் நடுவுல வந்து ஏறியிருக்கீங்க. இதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நாங்களே எங்களுக்குள்ள பேசிக்கறதில்ல. முதல் நாள் பிராக்டீஸ்ல, அந்த மூலை ஏன் காலியா கெடக்கு, யாரு அங்க நிக்கணும்னு கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஷூ லேசப் பாத்துக்கிட்டு நின்னோம். கேப்டன்னு நான்தான் சொல்லியிருக்கணும்.

அங்க நின்னவ எறும்பு. டீம்ல வெச்ச பேரு. குட்டையா இருப்பா, ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா, எந்தச் சந்துலயும் நுழைஞ்சிடுவா. என் நாத்தனார். ஆமா சார், என் வீட்டுக்காரரோட தங்கச்சி. அவதான் என்னைப் பொண்ணு பாத்ததே. எங்களுக்குள்ள அப்ப உறவு ஒண்ணும் கிடையாது, ஒரே டீம், அவ்ளோதான். இவளைக் கொண்டு வந்து விடறதுக்கு ஸ்கூட்டர்ல ஒருத்தர் வருவார், ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம போயிடுவார். ஒருநாள் இவ வீட்ல போய், அம்மா, எங்க டீம்ல ஒருத்தி இருக்கா, வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா கையில வந்ததத் தானே வெச்சிக்க மாட்டா, அடுத்தவங்களுக்குக் குடுத்துருவா, நம்ம அண்ணனுக்கு இவதான்னு சொல்லியிருக்கா. அப்படி ஆச்சு எங்க கல்யாணம். நான் நல்லா பாஸ் குடுக்கறேன்னு புருஷன் கிடைச்சவ சார் நான்.

அன்னிலேருந்து கோர்ட்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறத விட்டுட்டா. பந்து வேணும்னா அண்ணின்னு ஒரு கத்து. எதிர் டீம்காரிங்க விழுந்து விழுந்து சிரிப்பாளுங்க. அப்புறம் டீமே என்னை அண்ணின்னு கூப்பிட ஆரம்பிச்சது. ஒரு தடவ ரெஃப்ரி, ஃபவுல் யார் மேலன்னு சொல்லும்போது வாய் தவறி அண்ணின்னுட்டார். மனுஷன் மூஞ்சியப் பாக்கணுமே.

அவ இடம் அந்த இடது மூலை. உங்களுக்குத் தெரியாததில்ல, மூணு பாயிண்ட் கோட்டுக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவுல அங்க ஒரு ஆள் நிக்கத்தான் இடம் இருக்கும். காலைக் கொஞ்சம் நகத்தினா கோட்டுக்கு வெளிய. அவ பாதம் சின்னது, சரியா பொருந்திடும். கையை ஒரு சாண் தூக்குவா. நான் பாக்கக்கூட வேணாம், என் தோளுக்குத் தெரியும். போட்டுட்டு நான் திரும்பி ஓட ஆரம்பிச்சிருவேன். உள்ள விழுந்துச்சான்னு ஜனங்க சத்தத்துல தெரிஞ்சுப்பேன்.

இதனால வீட்லதான் சண்டை. எங்க அத்தை, அதான் என் மாமியார், எல்லா மேட்சுக்கும் வருவாங்க. அந்தப் பக்கத்து வரிசையிலதான் உக்காருவாங்க, பொண்ணப் பக்கத்துல பாக்கலாம்னு. அவங்களுக்கு ஆட்டத்துல ஒரே ஒரு விதிதான் தெரியும். அவங்க பொண்ணு கையத் தூக்கினா நான் பந்தக் குடுக்கணும். என்னிக்காவது குடுக்காம நெட்டைக்குப் போட்டேன்னு வைங்க, வீட்டுக்கு வந்து தண்ணி டம்ளர டக்குனு வைப்பாங்க. எம்பொண்ணு கையத் தூக்கிட்டே நிக்கிறா, நீ அந்த ஒட்டடைக்குச்சிக்குப் போடறயான்னு கேப்பாங்க. எறும்பு குனிஞ்சு சிரிச்சிட்டு, ஆமாம்மா, அண்ணி எப்பவும் அப்படித்தான்னு ஏத்தி விடுவா. கள்ளி.

காய்ச்சல் சார். சாதாரணக் காய்ச்சல்னு போட்டு வெச்சிருந்தோம். மூளைக்கு ஏறிடுச்சுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஸ்கூட்டர்லதான் பின்னால உக்காந்து போனா, தானே ஏறி உக்காந்தா. திரும்பி வரல.

இல்ல, தண்ணி வேணாம். பேசிடறேன்.

அடுத்த மேட்சுக்கு மாஸ்டர் வேற பொண்ண எறக்கினார். அவ அந்த மூலைக்குப் போகவே மாட்டேங்கறா. போறா, நிக்கிறா, கொஞ்ச நேரத்துல நைசா நடுவுல வந்துடறா. இன்னொருத்தியப் போட்டார், அவளும் அப்படியே. கேட்டா, யாரோ எழுந்து போன படுக்கையில சூடு ஆறாம படுத்த மாதிரி இருக்கு மாஸ்டர்ங்கறா. யாரைத் திட்டறது? எதிர் டீமுங்க முட்டாளா, ரெண்டே மேட்சுல கண்டுபிடிச்சிட்டாங்க. அந்தப் பக்கத்த அப்படியே விட்டுட்டு எல்லாரும் இந்தப் பக்கம் அடைச்சிக்கிட்டாங்க. அஞ்சு பேரு சேந்து நாலு பேரை மறிச்சா எங்க சார் ஜெயிக்கறது? வரிசையா அடி. மேல இருந்த டீம் கீழ, கீழ, இதோ தரையத் தொட்டாச்சு.

மாஸ்டர் ஒரு காரியம் பண்ணினார். பிராக்டீஸ்ல அந்த மூலைல அவரே போய் நின்னார். தொப்பையும் ரப்பர் செருப்பும் கழுத்துல துண்டுமா, அந்த வயசுல. இந்தாம்மா, எனக்குப் போடுன்னார். நாங்க போடுவோம், அவர் பிடிச்சுத் திருப்பிப் போடுவார். ஷூட் பண்ண மாட்டார். தினமும் காலைல வந்ததுலேருந்து முடியற வரைக்கும் நின்னார். மேனேஜர் இதைப் பாத்துட்டு, உங்க கோச் பயிற்சி குடுக்கறாரா, பந்து பொறுக்கறாரான்னு எங்கிட்டக் கேட்டார். எனக்கு அவரு செருப்பாலயே மேனேஜரப் போடலாமான்னு இருந்துச்சு. ஆனா மேட்சுல மாஸ்டர் வந்து நிக்க முடியாதே. மறுபடி தோத்தோம். ஒருநாள் பிராக்டீஸ் நடுவுல ஆள் வந்து கூப்பிட்டாங்க, போனார், இதே ரூமுக்குத்தான். வெளிய வந்தப்ப வேலை இல்ல.

போறப்ப யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட மட்டும் வந்து, நான் போயிட்டா அந்த மூலைய யாரும்மா பாத்துப்பான்னார். நான் ஆட்டத்தப் பத்திச் சொல்றார்னு நெனச்சு, புது கோச் பாத்துப்பார் மாஸ்டர்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டார்.

நீங்க வந்தீங்க. நீங்க செஞ்சது எல்லாம் சரிதான் சார், நான் ஒண்ணும் குறை சொல்ல வரல. அங்க நிக்கறதுக்குன்னே வேற டீம்லேருந்து ஒரு பொண்ண எடுத்திருக்கீங்க. நல்ல பொண்ணு, நேத்து வந்து என்னை அண்ணின்னா. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல. அவ டீம் மாத்தற பேப்பரெல்லாம் முடிஞ்சு நாளைக்கு எறங்கறா. ஆனா இந்த மேட்சுல, இதோ இந்த வீடியோல, இன்னும் யாரும் இல்ல. ஓரத்துல நின்னு அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கற மாஸ்டரும் இல்ல. அந்த மூலை முதல் தடவையா முழுசா காலி.

ஒரு தடவ இல்ல, தெரியும். திரும்பத் திரும்பப் போட்டேன். முதல் தடவ ஜனங்க கை வழுக்கிடுச்சுன்னு நெனச்சாங்க. ரெண்டாந்தடவ நெட்டை என்னை மொறச்சா. அப்புறம் ஊளை, விசில், காது குடுத்துக் கேக்க முடியல, பெத்தவங்க வரைக்கும் இழுத்துப் பேசினாங்க. நீங்க டைம் அவுட் கேட்டுக் கத்தினீங்க. அந்த நேரத்துல, சார், இத நான் யார்கிட்டயும் சொல்லல, அந்தப் பக்கத்து வரிசையில ஒரே ஒருத்தர் மட்டும் கை தட்டறாங்க. திரும்பிப் பாத்தேன். எங்க அத்தை. சிரிச்ச மொகமா, நிதானமா, தட்டிக்கிட்டே இருக்காங்க. அவ போனதுலேருந்து அவங்க சிரிச்சு நான் பாக்கல.

ஏன்னு நான் கேக்கல. வீட்டுக்கு வந்தப்புறமும் கேக்கல. அன்னிக்கு டம்ளர மெதுவா வெச்சாங்க.

இப்பவும் அதையேதான் கேக்கறீங்க. ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்குப் போட்டேன்னு. கையத் தூக்கினா சார், அதான் போட்டேன்.

எறும்புதான். வேற யாரு.

இல்ல, எழுந்திரிக்காதீங்க. டாக்டரெல்லாம் வேணாம். எனக்கு அவ செத்துட்டான்னு நல்லாத் தெரியும், நான்தான் அவ மூஞ்சியத் தொடச்சு விட்டேன். பைத்தியம்னு நெனச்சா நெனச்சுக்குங்க. மேட்ச் ஜெர்சியில நிக்கிறா, அவ நம்பரோட. யாரும் அவள மறிக்கல, அவ பாட்டுக்கு ஃப்ரீயா நிக்கிறா. என்னையே பாக்கறா. கத்தறதில்ல, அது ஒண்ணுதான் வித்தியாசம். போடாம எப்படி சார் இருக்கறது? பந்து அவ கை வழியாப் போயிடுது. அவ கோச்சுக்கறதில்ல, மறுபடி கையத் தூக்கறா.

ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். என்னை வெளிய உக்கார வெக்கறதுன்னா வைங்க, அது உங்க இஷ்டம். ஆனா நான் ஆடணும், ஜெயிக்கணும், டீம் கலையக் கூடாது, கலைஞ்சா இந்தக் கோர்ட்ட வேற எதுக்காவது குடுத்துருவாங்க. நாளைக்கு அந்தப் பொண்ண அங்க நிறுத்துங்க, நான் அவளுக்குப் பந்து போடறேன், சத்தியமாப் போடறேன். ஆனா அவள ஒரு அடி முன்னால தள்ளி நிக்கச் சொல்லுங்க. மாஸ்டரும் அப்படித்தான் நிப்பார், அந்த எடத்துல காலை வெக்கவே மாட்டார். கால் வலின்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பதான் புரியுது.

தெரியும் சார். ஒரு அடி உள்ள வந்தா கோட்டுக்குள்ள வந்துடும், மூணு பாயிண்ட் ரெண்டாயிடும். இத்தன வருஷம் ஆடறேன், எனக்கா தெரியாது? ரெண்டு போதும். மிச்சத்த நான் ஓடி எடுக்கறேன். அங்க ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்கு. அந்தப் பொண்ணு வந்து நின்னா இவ நகர்ந்துடுவா, எதுத்துப் பேசத் தெரியாது அவளுக்கு. நகர்ந்து எங்க போவா? வீட்ல அவ ரூம்ல, மாடியில, ஸ்கூட்டர் நிக்கற எடத்துல, எல்லாப் பக்கமும் தேடிப் பாத்துட்டேன். அங்க மட்டும்தான் இருக்கா சார்.