நீர்த்துப்போன சாம்பிள்

அண்ணன்: இந்தா, இன்னொரு பாட்டில். மடமடன்னு குடி.

தங்கை: வயிறு முட்டிப்போச்சுண்ணே. இதுக்கு மேல குடிச்சா வாய் வழியாத்தான் வரும்.

அண்ணன்: மெதுவாப் பேசு. சோதனை பண்ண வந்த அந்தம்மா கதவுகிட்டயே உட்கார்ந்திருக்கு.

தங்கை: அவங்க வேலையே அதானே. கழிப்பறைக்குள்ளயும் கூடவே வந்து நின்னாங்க. மானமே போச்சு.

அண்ணன்: ஒருவாட்டி கொடுத்தாச்சுல்ல மேடம்? மறுபடி எதுக்கு?

அதிகாரி: முதல்ல கொடுத்த சிறுநீர் வெறும் தண்ணியா இருக்கு சார். அது செல்லாது. அடர்த்தியா வர்ற வரைக்கும் காத்திருக்கணும். தண்ணியைக் குறைச்சுக்கம்மா.

தங்கை: கேட்டியா? பேருதான் பெத்த பேரு, கோச்சு... இது தெரியலை உனக்கு.

அண்ணன்: நக்கல் பண்ற நேரமா இது? எனக்குக் கையெல்லாம் வேர்க்குது.

தங்கை: ஊக்கமருந்துச் சோதனை எனக்கு. உனக்கு ஏன் வேர்க்குது?

அண்ணன்: போட்டிக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு... திடுதிப்புன்னு கிரவுண்டுக்கே வந்து நிக்கிறாங்கன்னா, எவனோ போட்டுக் கொடுத்திருக்கான்.

தங்கை: மடியில கனம் இல்லைன்னா வழியில என்ன பயம்?

அண்ணன்: கொஞ்சம் கிட்ட வா.

தங்கை: என்னண்ணே?

அண்ணன்: அந்த மாத்திரை... கொடுத்தேன்ல...

தங்கை: சத்து மாத்திரைன்னியே.

அண்ணன்: சத்துதான்... கொஞ்சம் கூடுதலான சத்து.

தங்கை: என் குரல் கட்டை ஆச்சு, ஜலதோஷம்னே. மாசாமாசம் வர்றது நின்னுச்சு, பயிற்சி ஜாஸ்தின்னே.

அண்ணன்: அப்போ... உனக்குத் தெரியுமா?

தங்கை: அப்பவே தெரியும்.

அண்ணன்: தெரிஞ்சுமா முழுங்கினே?

தங்கை: ஜெயிச்சுக்கிட்டே இருந்தேனே... கேக்க வாய் வரலை.

அண்ணன்: சரி, அதை விடு. மாட்டினா நாலு வருஷம் தடை. குடி. தண்ணியாவே போய்க்கிட்டிருந்தா அலுத்துப்போய்க் கிளம்பிடுவாங்க.

தங்கை: கத்தாதேண்ணே.

அதிகாரி: எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை சார்.

அண்ணன்: ஐயோ...

தங்கை: போன வாரம் நம்ம சின்னத் தங்கச்சி பையில துண்டு தேடினேன். நீ எனக்குக் கொடுத்த அதே வெள்ளை மாத்திரை டப்பா இருந்துச்சு.

அண்ணன்: அவதான்... அக்கா மாதிரி ஓடணும்னு...

தங்கை: பதினாலு வயசுண்ணே அவளுக்கு.

அண்ணன்: அரை மாத்திரைதான் கொடுத்தேன்...

தங்கை: எனக்கும் அரையிலதான் ஆரம்பிச்சே. பாட்டிலை அந்தப் பக்கம் வை.

அண்ணன்: கெஞ்சிக் கேக்கறேன், குடிம்மா. போட்டுக் கொடுத்தவன் யாருன்னு அப்புறம் பார்த்துக்கலாம்...

தங்கை: தேடாதே. போன் பண்ணி என்னைச் சோதிக்கச் சொன்னதே நான்தான். பயமாத்தான் இருக்கு... ஆனா நான் மாட்டினாத்தான் நீ அவளை விடுவே. மேடம், வருது. போலாம்.