ஐயாவுவின் வலது கை

மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாளாகும். அங்கிருந்து பாபநாசம் பக்கத்து வாய்க்கால்களில் ஏற இன்னும் இரண்டு மூன்று நாள். விசாரணைக்கு வந்திருக்கிற நீங்கள் வெளியூர் மேடம், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் காயாரோகணம். குடிநீர்த் திட்டத்துக்கு இரும்புக் குழாய் பதிக்கிற இடங்களில், வெல்டிங் இணைப்புகளைக் கதிர் பாய்ச்சிப் படமெடுத்துச் சோதிக்கும் குழுவுக்குப் பொறுப்பாளன். பதினெட்டு வருட அனுபவம். எங்கள் கருவியைக் கேமரா என்போம். அதற்குள் நெல்மணி அளவில், கதிர் வீசுகிற ஓர் இரிடியத் துண்டு. கம்பியைச் சுற்றினால் அது ரப்பர் குழாய் வழியாக வெளியே போகும். திருப்பிச் சுற்றினால் உள்ளே வந்துவிடும். வர வேண்டும்.

ஜூன் மாதம். வாய்க்காலுக்குக் குறுக்கே தோண்டிய பள்ளத்தில் ஆறு இணைப்புகள் பாக்கி. கல்லணையைத் திறந்துவிட்டார்கள். மூன்றாவது படத்துக்குப் பிறகு கம்பி மட்டும் திரும்பி வந்தது. கதிரை அளக்கும் மீட்டரின் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. துண்டு கழன்று ரப்பர் குழாயின் முனையிலேயே கிடக்கிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும்.

விதிப்படி எல்லாரையும் விலக்கிவிட்டு மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்து சேர இரண்டு நாள். அதற்குள் பள்ளம் மூழ்கும். தண்ணீரை மேலேயே நிறுத்தினால் கீழே நூறு வேலியில் குறுவை நடவு கெடும். அந்தக் கரையில் நின்று முடிவெடுத்தவன் நான், நீங்கள் இல்லை.

ஐயாவு என் உதவியாளர். குத்தாலத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

"அந்த அலாரத்தைக் குடுங்கண்ணே, பேட்டரி மாத்தித் தரேன்," என்றேன். "பேட்ஜையும் கழட்டுங்க, சேறு படும். ரப்பர் குழாய் அடைச்சிருக்கு. கழட்டி ஈயப் பெட்டிக்குள்ள உதறிட்டு வந்துடுங்க."

"துண்டு உள்ள போயிடுச்சுல்ல சார்?"

"போயிடுச்சுண்ணே."

கதிர் பட்டு அலாரம் கத்தினால் பாதியில் ஓடிவருவார். பிறகு இன்னொருவரை அனுப்ப வேண்டியிருக்கும். ஒருவருக்குப் படுவது இருவருக்குப் படும். பேட்ஜ், உடம்பில் ஏறும் கதிரின் அளவைப் பதிவுசெய்கிற வில்லை. அளவு கூடினால் அவரை இந்த வேலையிலிருந்தே விலக்கிவிடுவார்கள். அவருடைய வேலையை நான் காப்பாற்றினேன் என்பதை யாரும் பேசுவதில்லை.

மரை இறுகியிருந்தது. முனையை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடம் திருகினார். பிறகு உதறினார். பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் இருப்புக் கேமராவை வைத்து மீதி மூன்றையும் முடித்துப் பள்ளத்தை மூடினோம். அடுத்த நாள் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போனது. இன்று அந்தக் குழாயில் ஐம்பது ஊர் குடிக்கிறது.

ஐந்தாம் நாள் அவருடைய விரல்கள் சிவந்தன. இரண்டாம் வாரம் கொப்புளம். அவர் மனைவி சௌந்தரநாயகி போன் செய்தார்.

"சார், எதுனால வந்துச்சுன்னு டாக்டர் கேக்குறாங்க. இவரு ஒண்ணும் தெரியலைங்கிறார். என்னன்னு சொல்றது?"

"பைக் சைலன்சர்ல பட்டுச்சுன்னு சொல்லுங்கம்மா."

ஐந்து வாரம் தீக்காயத்துக்கு மருந்து போட்டார்கள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது கட்டைவிரலோடு மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு டாக்டர், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாராம். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். துண்டு வெளியே கிடப்பது தெரிந்துதான் அனுப்பினேன். கையில் என்ன பிடித்திருக்கிறார் என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சைலன்சர் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இன்னொரு முறை தண்ணீர் அப்படி வந்தாலும் இதையே செய்வேன்.

ஆனால் பாதுகாப்பை மதிக்காதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். தள்ளி நிற்பதுதான் இந்தத் தொழிலில் முதல் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பவனே நான்தான். அந்த ஆறு நிமிடமும் கரைக்கு அந்தப் பக்கம், நாற்பது மீட்டர் தள்ளித்தான் நின்றேன் மேடம். ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை.