பந்தை விட்டவனின் மறுநாள்

இந்தக் கதைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவர்களின் நேரத்தைப் புருவ அசைவிலேயே கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும் கண் மருத்துவர் அம்மையார் அவர்களே. எனக்கு முன் பேசி, நான் சொல்ல வந்ததில் பாதியைத் தாமே சொல்லி முடித்து என் சுமையைக் குறைத்துவிட்ட அச்சக உரிமையாளர் அவர்களே. வானம் இருட்டியிருப்பதைப் பார்த்தும் குடையை நம்பி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை அரங்க வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. எழுதுவதற்காக விளையாட்டை நிறுத்தியவர்களும், விளையாடுவதற்காக எழுத்தை நிறுத்தியவர்களுமான இளைய தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, கணினியில் கால்பந்து அணியை நடத்தும் விளையாட்டிலிருந்து சுவையான கதை எழுதுவது எப்படி என்பது. தலைப்பைக் கேட்டதும் இரண்டாம் வரிசையில் ஓர் அம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அம்மா, உங்கள் வீட்டிலும் ஒருவர் அதன்முன் உட்கார்ந்திருக்கிறார் போலும். பயப்படாதீர்கள். அந்தப் பெருமூச்சோடுதான் எங்கள் வீட்டிலும் இந்தக் கதை தொடங்கியது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் நீங்கள் பந்தை உதைப்பதில்லை. ஓடுவதில்லை, வியர்ப்பதில்லை. நீங்கள் ஓர் அணியின் மேலாளர். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, யாரை வாங்குவது, யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பது மட்டுமே உங்கள் வேலை. ஆட்டத்தைக் கணினி ஆடும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோரைப் போல, எல்லாப் பொறுப்பும் உங்களுடையது, எந்தப் பந்தும் உங்களுடையதல்ல.

என் அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊராருடைய எலும்பு முறிவையெல்லாம் படம் பிடித்தவள், ஒருநாள் பேருந்துப் படியில் கால் தவறித் தன் எலும்பை முறித்துக்கொண்டாள். தன் வேலையிடத்திலேயே தன் தோழியின் கையால் தனக்கே படம் எடுத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு வீடு திரும்பினாள். எந்த வீடு? அதுதான் வேடிக்கை. அவள் கணவர், என் மாமா, லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்கு மாவுக்கட்டு ஏறுமா? ஆகவே கட்டுப் பிரிக்கும் வரை அக்கா எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், அப்பா அம்மாவோடும் என்னோடும் தங்கினாள்.

பொழுது போகட்டும் என்று மாமாதான் தம் லேப்டாப்பில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். அக்காவுக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. பட்டியலின் அடிமட்டத்தில், யாருமே எடுத்துக்கொள்ளாத ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பாவமாக இருந்தது என்றாள்.

கடைசி வரிசையில் ஓர் அன்பர் எந்த அணி என்று கேட்கிறார். ஐயா, பெயரைச் சொன்னால் உங்களுக்கும் பாவமாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அக்கா குடும்பக் குழுவில் செய்தி அனுப்புவாள். ‘மூன்றுக்கு ஒன்று, வெற்றி.’ ‘ஒன்றுக்கு ஒன்று, சமன்.’ யார் பதில் போடுவார்? மாமா மட்டும் ஒரு கட்டைவிரல் போடுவார். அது மனைவி எதை அனுப்பினாலும் போடும் கட்டைவிரல். இங்கே நான் நிறுத்திக் கேட்கிறேன். வெற்றி செய்தியாகலாம், கதையாகுமா? எண்ணிக்கை உண்மையாகலாம், உயிராகுமா?

அக்காவுக்கு அது தன் வேலையிலேயே தெரிந்திருந்தது. எலும்பு எங்கே முறிந்தது என்பதைப் படம் காட்டும். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால்தான் மனிதர் வாய் திறப்பார். அதையே இங்கேயும் செய்தாள். அணியில் ஒரு கோல்கீப்பர் இருந்தான். முப்பதைத் தாண்டியவன். கணினி அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் சில எண்கள்தான்: உயரம் நிறைய, வேகம் குறைவு, பொறுமை மிக அதிகம். ஒருநாள் அவன் மனம் சரியில்லை, மேலாளரோடு பேச விரும்புகிறான் என்று திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. கதவைத் தட்டாமல் தயங்கி நிற்பவனாக அவனை எழுதினாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டே, புதுக் குழந்தை வீட்டில் தூங்கவிடுவதில்லை என்று அவன் சொல்வதாக எழுதினாள். ‘நெட்டை’ என்று அவனுக்கு ஒரு பெயரும் வைத்தாள்.

அன்றைக்குக் குழுவில் எல்லோரும் பதில் போட்டார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று அம்மா அடுக்களையிலிருந்தே கேட்டாள். பெண் என்று அக்கா அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

அதன்பிறகு இணையத்தில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடும் இடம் ஒன்றிலும் கதையைப் போட ஆரம்பித்தாள். முகம் தெரியாதவர்கள் நெட்டையின் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்தார்கள். எங்கள் வீட்டில் இன்னொரு வாசகரும் சேர்ந்தார். அவர் எங்கள் அப்பா. மருத்துவமனைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். எங்கள் நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவர் அப்படித்தான். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அக்கா வாசித்துக் காட்டும்போது பக்கத்தைப் புரட்டாமல் இருப்பார். அதுதான் அவர் கேட்கிறார் என்பதற்கு அடையாளம்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. சமன் செய்தாலே போதும், அணி பிழைத்துக்கொள்ளும். தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மாமா உட்பட எல்லோரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் முடிகிற வேளை. இரு பக்கமும் கோல் இல்லை. தூரத்திலிருந்து ஒரு சாதாரண உதை. சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும் பந்து. அது நெட்டையின் கைகளுக்கு நடுவே நழுவி உள்ளே போனது. கோல்கீப்பரின் பிழை என்று கணினி ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு, பெரியோர்களே. ஆட்டத்துக்கு முன் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போகலாம். மறுபடி ஆடலாம். வாழ்க்கை எவருக்கும் கொடுக்காத வசதியைக் கணினி எல்லோருக்கும் கொடுக்கிறது. முடிவு தெரிந்ததும் இணையத்தில் வாசகர்களும் அதைத்தான் கேட்டார்கள். மாமா நல்ல மனதோடுதான் சொன்னார்.

“மறுபடி லோட் பண்ணிடு. இன்னொரு தடவை ஆடினா பிடிச்சிடுவான். யாருக்குத் தெரியப் போகுது?”

அக்கா திரையில் அந்த ஒற்றை வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“பண்ணலாம். ஆனா அப்போ பந்தைப் பிடிச்ச ஒருத்தன்தான் இருப்பான். விட்டவன் எங்க போவான்?”

அப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார்.

அக்கா லோட் செய்யவில்லை. தோல்வியை எழுத உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்த உடைமாற்றும் அறை. பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான் நெட்டை. மேலாளர் அவனிடம் என்ன சொல்வார்? பல நாள் எழுதினாள், அழித்தாள். கடைசியில் ஒரு மாலை, எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அருமையான உரை. தோல்வி நிரந்தரமல்ல, நீ தடுத்த பந்துகளை நினைத்துப் பார், உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றெல்லாம் மேலாளர் பேசுகிறார். எனக்குப் பிடித்திருந்தது. மாமாவும் தலையாட்டினார்.

“அவன்கிட்ட அவ்வளவு பேச வேண்டாம்மா” என்றார் அப்பா.

வேறு என்ன சொல்வது என்று அக்கா கேட்டாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு ப்ராக்டிஸுக்கு வரணும்னு சொல்லு. அது போதும்.”

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. எங்கள் அப்பா கிடங்குக்குப் போவதற்கு முன் மருந்தகத்தில் மாத்திரை கொடுக்கும் வேலையில் இருந்தார் என்பது எங்களுக்கு அன்றுவரை தெரியாது. ஒருநாள் கூட்டம் அதிகமாக இருந்த வேளையில், ஒரே நிறத்தில் இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை மாற்றி எடுத்திருக்கிறார். ஒரு வயதான அம்மாவுக்கு வேறொருவரின் மாத்திரை போயிருக்கிறது. அந்த அம்மா மயங்கி விழுந்து, மருத்துவர்கள் ஓடிவந்து, மாலைக்குள் பிழைத்துக்கொண்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுவதும் தன் வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அப்பா சொன்னார். சிலர் தோளைத் தட்டினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேலதிகாரி, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

“எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. நாளைக்கு வான்னு ஒருத்தரும் சொல்லல.”

அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள் அம்மா. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் இத்தனை காலம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது மெதுவாக, “நானும் சொல்லலையே” என்றாள்.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார்.

“நீ மறுநாள் காலையில எப்பவும் போல சாப்பாடு கட்டி வாசல்ல வெச்சிருந்த. அதைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன்.”

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா தான் எழுதிய உரை முழுவதையும் அழித்தாள். அதன் இடத்தில் எழுதியது இவ்வளவுதான்: மேலாளர் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் ஒன்பது மணிக்குப் பயிற்சி என்றார். கையுறையை ஈரத்தோடு பையில் போடாதே, நாற்றமடிக்கும் என்றார். பிறகு விளக்கை அணைக்காமல் எழுந்து போனார்.

மறுபடி லோட் செய்யச் சொன்ன வாசகர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நெட்டையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுத் தங்களைப் பற்றி எழுதினார்கள். வண்டியை மோதிய ஓட்டுநர் ஒருவர் எழுதினார். தவறான கேள்வித்தாளைக் கொடுத்துவிட்ட ஆசிரியை ஒருவர் எழுதினார். அடுத்த நாள் எப்படி வேலைக்குப் போனோம், யார் என்ன சொன்னார்கள், யார் எதுவும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள் அல்லவா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோப்பையைப் பற்றி எழுதாதீர்கள் என்று சொல்லமாட்டேன். வென்றால் எழுதுங்கள், ஆடிப்பாடி எழுதுங்கள். ஆனால் கணினி ஒரு வரியில் கடந்துபோகும் மனிதனை நீங்கள் கடந்துபோகாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான். ஆளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு மறுநாள் காலை இருக்கிறது. அங்கே போங்கள். அவன் எழுந்தானா என்று பாருங்கள். தோல்வி வரும்போது, கையில் வசதி இருக்கும்போது, விரல் துடிக்கும்போது, திரும்பிப் போகாதீர்கள். திரும்பிப் போனால் ஆட்டம் கிடைக்கும். ஆள் கிடைக்கமாட்டான்.

கட்டுப் பிரித்து அக்கா தன் மூன்றாவது மாடிக்குத் திரும்பிவிட்டாள். கீழ்ப்பிரிவில் புதிய பருவம் தொடங்கிய ஞாயிறன்று, வீட்டிலிருந்து எங்கும் அதிகம் போகாத அப்பா, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை படியும் ஏறினார். மேலே போய் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னைக்கு அவன் இறங்கறானா?”

“இறங்கறான்ப்பா.”

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். இரண்டு கோல். கடைசி விசில் வரைக்கும் அப்பா எழுந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும், அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டார்.

தலைவர் அம்மையாரின் புருவம் உயர்ந்துவிட்டது. இவ்வளவு நேரம் நாற்காலி முனகினாலும் நீங்கள் முனகாமல் கேட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. மேடையும் ஒலிபெருக்கியும் தந்த மன்றத்தாருக்கு நன்றி. எழுதப்போகும் தோழர்களுக்கு என் வாழ்த்து. எல்லோருக்கும் மீண்டும் வணக்கம்.