முட்டி வீட்டு விருந்தாளி

...பிரசங்கம் பண்ணிக்கிட்டே போனா உங்களுக்கும் அலுத்துப் போகும். கொஞ்சம் நிறுத்திக்கிறேன். நம்ம ஊர்ப் பிள்ள ஒருத்திக்கு நடந்ததச் சொல்றேன், சின்னக் கதைதான். பின்னால நிக்கிறவங்க உள்ள வாங்க, இடம் இருக்கு.

அவ பேரு ஹெப்சிபா. பாளையங்கோட்டைதான். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே மாணவர் பரிமாற்றம்னு ஜெர்மனிக்கு அனுப்புனாங்க. ஒரு வருஷம் அங்க ஒரு வீட்டுல தங்கிப் படிக்கணும். வடக்கே ஒரு சின்ன ஊரு. வீட்டுக்காரர் ஹோர்ஸ்ட், பஸ் டிரைவர். அவர் மனைவி ரெனாட்டே. பிள்ளைகள் கிடையாது.

அங்க அம்மாவ எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா? "முட்டி"ம்பாங்க. சிரிக்காதீங்க! இவளுக்கும் மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சாம். ஒரு மாசத்துல தானா வாயில வந்துட்டு... முட்டி, முட்டி.

அந்த முட்டி லேசுப்பட்ட ஆளு இல்ல. நம்ம பேச்சுல சொன்னா, "ஏட்டி, ஷூவோட உள்ள வராதன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்றது!" இந்தக் கத்துதான் தெனமும். ஆனா பனிக்காலத்துல இவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ, ஹோர்ஸ்ட் பக்கத்து டவுன் வரைக்கும் போயி அரிசி வாங்கிட்டு வந்தாரு. இவ படுத்துக்கிட்டே சொல்லச் சொல்ல, அந்த மனுஷன் கஞ்சி வச்சாரு. அடிப்பிடிச்ச கஞ்சி. இவ ஒரு சொட்டு மிச்சம் வைக்கல.

அப்புறம் இவ கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் இங்க வந்தாங்க. மே மாசம்! நம்ம ஊரு மே மாசம் தெரியும்ல? ஹோர்ஸ்ட் மொகம் தக்காளி மாதிரி செவந்துபோச்சு. வேட்டிய பெல்ட் போட்டுக் கட்டிக்கிட்டு, "என் மகள் கல்யாணம், என் மகள் கல்யாணம்"னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு.

அதுக்கப்புறம்... என்ன ஆச்சு? ஒண்ணுமே ஆகல. அதுதான் சங்கதி. சண்டை இல்ல, மனஸ்தாபம் இல்ல. இவளுக்கு லண்டன்ல வேலை. வாரா வாரம் பேசுனவ மாசத்துக்கு ஒரு தடவ பேசுனா. அப்புறம் கிறிஸ்மஸ்க்குப் பேசுனா. அப்புறம் கிறிஸ்மஸ்க்கு ஒரு படம் அனுப்புனா... ஊருக்கெல்லாம் அனுப்புறோமே, அதே படம்.

ஒரு நாள் முட்டிகிட்ட இருந்து செய்தி வருது. "ஹோர்ஸ்டுக்கு ஒடம்பு முடியல. ஒன்னக் கேக்கிறாரு. வர முடியுமா?"

லண்டன்லருந்து ஜெர்மனி என்ன தூரம்? பிளேன்ல ஏறி ஒரு காபி குடிச்சு முடிக்கங்குள்ள எறங்கிரலாம். இவ என்ன பதில் போட்டா? "இப்போ வேலை நெருக்கடி முட்டி. அடுத்த மாசம் கட்டாயம் வாரேன்."

அடுத்த மாசம் வந்துச்சு. ஹோர்ஸ்ட் இல்ல.

வெக்கம். போன் பண்ணவும் வெக்கம், போகவும் வெக்கம். அப்படியே வருஷங்க ஓடிப்போச்சு. கடைசில போன வருஷம் மனச தேத்திக்கிட்டு, வாரேன்னு ஒரு தகவல் குடுத்துட்டு, அல்வா வாங்கிக்கிட்டுப் போனா. அதே வீடு. கதவத் தட்டுனா.

முட்டி கதவத் தெறந்தாங்க. தலை பூரா வெள்ளை. மெதுவாச் சொன்னாங்க...

"வாங்க. உக்காருங்க. காபி குடிக்கிறீங்களா?"

கவனிச்சீங்களா? ஜெர்மன்லயும் நம்மள மாதிரியே 'நீ' உண்டு, 'நீங்க' உண்டு. வீட்டு ஆளுக்கு 'நீ', வெளி ஆளுக்கு 'நீங்க'. ஒரு தடவ 'நீ'ன்னு சொல்லிட்டா அவ்வளவு லேசுல மாத்த மாட்டாங்களாம்.

"முட்டி... நான் ஹெப்சிபா."

"தெரியுதே. உங்களத் தெரியாமப் போகுமா?"

உக்காந்தா. ஷூவக் கழட்ட மறந்து உள்ள வந்துட்டா. முட்டி அதப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல.

இவதான் கேட்டா, "அவர் கடைசில எப்படி இருந்தாரு?"

"வாசல்ல கார் சத்தம் கேக்கும்போதெல்லாம் 'அவளா?'ன்னு கேட்டாரு. நீங்க வரலன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ரயில் லேட்டுன்னு பொய் சொன்னேன். தெனமும் அதே பொய். 'பாவம் பிள்ள, குளிர்ல ஸ்டேஷன்ல நிக்குதே'ன்னு வருத்தப்பட்டாரு. அந்த வருத்தத்தோடயே போயிட்டாரு."

இவ ஓன்னு அழுதுட்டா. "என்னயத் திட்டுங்க முட்டி! ஏட்டின்னு கூப்பிட்டு நாலு வார்த்த திட்டுங்க!"

அந்தம்மா இவ கையத் தட்டிக் குடுத்தாங்க. "அப்போ திட்டியிருப்பேன். இப்ப நீங்க விருந்தாளி. விருந்தாளியத் திட்டலாமா?"

ரெண்டு பேரும் கல்லறைக்குப் போனாங்க. பூ வச்சாங்க. சாயங்காலம் முட்டி பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து, "பத்திரமாப் போங்க"ன்னு கை குடுத்தாங்க. கட்டிப்பிடிக்கல. கை குடுத்தாங்க.

இப்போ ஹெப்சிபா ஞாயித்துக்கிழமை தவறாமப் போன் பண்றா. அந்தம்மாவும் எடுத்து நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா இன்னும் 'நீங்க'தான். "இதச் சபையில சொல்லுங்கய்யா, என் பேரச் சொல்லியே சொல்லுங்க"ன்னு அவதான் கேட்டுக்கிட்டா.

இதுல உங்களுக்கு என்ன இருக்கு? கேளுங்க. ஹெப்சிபா யாருக்கும் கெடுதல் செய்யல. அன்பு இல்லாமலும் இல்ல. "அடுத்த மாசம்"னு சொன்னா, அவ்வளவுதான். நாம எத்தன பேரு, எத்தன வீட்டுக்கு அப்படிச் சொல்லி வச்சிருக்கோம்? ஒரு காலத்துல நமக்குச் சோறு போட்டு, பாய் விரிச்சு, பிள்ளையா வச்சிருந்த வீடு... கோவிச்சுக்கிட்டா பரவாயில்ல, போயி சமாதானம் பண்ணிரலாம். ஆனா நமக்கு மரியாதை குடுக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னா... அப்புறம் யார்கிட்ட போயி என்ன கேக்க?

கூட்டம் முடிஞ்சதும் சாப்பாடு இருக்கு. பந்தியில உக்காருறதுக்கு முன்னால வெளிய போயி ஒரு போன் போட்டுட்டு வாங்க. யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும். சாம்பார் ஆறிப்போனா ஆறிப்போகட்டும்.