கொக்குக்கு வைத்த சோறு

பின்னேரம் நாலு மணி. யப்பானின் வடக்கு மூலையில் குஷிரோ என்று ஒரு துறைமுகப் பட்டணம். அதற்கும் வெளியே, பத்துப் பதினைந்து மைல்கட்டைக்கு அப்பால் ஒரு ரோட்டு. மார்கழி மாதம் அங்கே நாலு மணிக்கே பொழுது பட்டுவிடும். இரண்டு பக்கமும் பனி. பனிக்கு அங்கால் நாணல்... நாணலுக்கு அங்கால் சதுப்பு. ஒரு வீடு இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. அந்த ரோட்டில் ஒருவன் கக்கத்துக்குள் ஒரு சோற்றுப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு நடந்து போகிறான்.

வேறு ஆளில்லை. எங்கள் இணுவில் பெடியன்.

லைற்றை நூர்த்து இருட்டாக்கச் சொன்னது நீங்கள். பிறகு என்னில் பிழை சொல்லக் கூடாது. பனிப்புயலில் பஸ் ஓடவில்லை, இரவு வேலைக்குப் போக வழியில்லை, அகதியாய் வந்த இந்த மல்வேர்னில் ஒரு அறைக்குள் ஆறு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருக்கிறோம். பேய்க் கதை கேட்டீர்கள். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. மனிதரிலும் இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஒருவன் சொன்னதை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இந்தக் கதையை அந்தப் பெடியனிடம் ஒரு தரம் கேட்டேன். ஆறு மாதம் கழித்து, ஒன்றும் தெரியாதவன் போல் திரும்பவும் கேட்டேன். பொய் என்றால் எங்கேயாவது இடறும். ஒரு சொல் மாறவில்லை. முடிவில் நடந்ததை நானே கண்ணால் கண்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

பெடியனின் பெயர் இரத்தினவேல். என்னோடு வேலை செய்கிற நவரட்ணத்தின் பெரியம்மா மகன். கிரேக்கக் கப்பல் ஒன்றில் டெக்கில் வேலை. அவனுக்கு ஒரு தமையன், அருள்நாயகம். கொழும்பில் புடைவைக் கடையில் நின்றவன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அருள்நாயகத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அகதி முகாமில் தேடினார்கள், இல்லை. அகதிகளை ஏற்றி வந்த கப்பலிலும் இல்லை. ஒரு வருடம் போய், மேலும் ஐந்து மாதம் போனது. பெண்சாதி குணவதி பொட்டை அழிக்கவில்லை. வருவார் என்று சொல்லிக்கொண்டு இருந்தாள்.

இரத்தினவேல்தான் தமையன் செத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டான். கடலில் கிடக்கிறவனுக்கு யோசிக்க நேரம் அதிகம். ஒருவரும் ஒரு பிடி சோறு வைக்கவில்லையே, அண்ணை பசியோடு அலைவாரே என்று மனதில் ஒரே அரிப்பு. அமாவாசை வந்தால், கப்பல் எந்தத் துறையில் நின்றாலும், சமையல்காரனிடம் கொஞ்சம் சோறு வாங்கி, தமையன் பெயரைச் சொல்லிக் காகத்துக்கு வைப்பான்.

காகம் தொடவில்லை.

மூன்று துறைமுகம், மூன்று அமாவாசை. காகம் வரும். தலையைச் சரித்துப் பார்க்கும். போய்விடும். நாலாவதாகக் குஷிரோ. அங்கத்தைய காகங்கள் மீன்குடல் தின்று கொழுத்தவை, நம் ஊர்க் காகத்தில் இரண்டு பங்கு. மார்கழி அமாவாசையன்று காலை ஒன்று வந்து சோற்றுக்குப் பக்கத்தில் நின்றது. இவனைப் பார்த்து ஒரு தரம் கத்தியது. பறந்துவிட்டது.

அதோடு விட்டிருக்க வேண்டும். காகம் ஏன் தொடவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். தமையனுக்கு ஏதோ மனக்குறை என்று இவன் நினைத்தான். வேறு காரணமும் இருக்கலாம் என்று நினைக்கவில்லை.

கப்பல் கொண்டுவந்தது தீவனச் சோளம். இறக்கி முடிய மூன்று நாள். கரைக்குப் போகலாம் என்று விட்டார்கள். ஏஜென்ற் கந்தோரில், ஊர் பார்க்க வருகிறவர்களுக்கென்று படம் போட்ட தாள் ஒன்று கிடந்தது. நாலு வெண்கலப் பெண்கள் நிற்கிற பாலம் ஒரு படம். சதுப்பு முழுவதையும் பார்க்க மேட்டில் புதிதாகக் கட்டிய, கோட்டை மாதிரிக் கட்டடம் இன்னொரு படம். கடைசிப் படத்தில் பனி வயல், அதில் ஆளுயரக் கொக்குகள். வெள்ளை உடம்பு, கறுத்தக் கழுத்து, உச்சியில் சிவப்பு. குளிர்காலத்தில் வயலில் தீன் போடுவார்களாம். சனம் காசு செலவழித்துப் போய்ப் பார்க்குமாம்.

காகம் தின்னாவிட்டால் கொக்காவது தின்னட்டும்... இதுதான் அவன் புத்தி.

"கொக்குப் பேயோ அண்ணை? ஒற்றைக் காலிலையோ வரும்?" என்று கம்பளிக்குள் இருந்து நீக்கிலாஸ் கேட்கிறான். சிரியுங்கள். எல்லோரும் சிரித்து முடியுங்கள்.

அன்றைக்கே அந்தச் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினான். வயலோரம் முழுக்கக் கமராவும் ஆட்களும். அந்தச் சனத்துக்கு முன்னால் சோறு வைக்க அவனுக்கு வெட்கம். எல்லோரும் போகட்டும் என்று அந்த ரோட்டிலேயே மேலும் கீழும் நடந்தான். அப்படி நடக்கும்போதுதான் நாலு மணி.

சனம் போய்விட்டது. வயலில் தீன் போடுகிற கிழவன் மட்டும் வாளியோடு நின்றான். பாஷை இல்லை, கைதான் பாஷை. வேலிக்கு அங்கால் போகாதே என்று காட்டினான். இவனுக்கு விளங்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, ஒரு நீளத் தடியை எடுத்து நாணல் அடியில் ஊன்றினான். மேலே புல், பனி, எல்லாம் திடல் மாதிரி. தடி உள்ளே போனது... போனது... ஆளுயரத் தடி கைப்பிடி வரைக்கும் போனது. அடி இல்லை. தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். அந்தக் குழிக்கு அவர்கள் சதுப்பின் கண் என்று சொல்வார்கள் என்று பிறகு ஏஜென்றின் ஆள் சொன்னானாம். குதிரை விழுந்தால் குதிரையும் வராது.

கிழவன் ஒரு பிடி சோளத்தை இவன் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டில் பக்கம் போனான்.

சோறு விறைத்துக் கல்லாகிவிட்டது. அளவும் காணாது போல இருந்தது. அதனால் கிழவன் கொடுத்த சோளத்தையும் கலந்து, கப்பல் குசினியில் எடுத்த கோவா இலையில் வைத்து, பனியில் குந்தியிருந்து தமையன் பெயரை மூன்று தரம் சொன்னான். அந்த நேரம் பார்த்துக் கொக்குக் கூட்டம் முழுவதும் எழும்பிவிட்டது. இரவில் அவை ஆற்றுத் தண்ணீருக்குள் போய் நின்றுதான் நித்திரை கொள்ளும். தலைக்கு மேலால் கத்திக்கொண்டு போன சத்தம் தேய்ந்து... தேய்ந்து... பிறகு ஒரு சத்தமும் இல்லை.

இதுவும் போச்சு என்று எழும்பப் போனான்.

கிளிக்.

நாணல் பக்கம். மெல்லிய ஐஸ் உடைகிற சத்தம். கிளிக்... கிளிக்... தடி இறங்கிய அந்த இடத்திலிருந்து ஒரு கொக்கு வந்தது. அதோடு ஒரு மணம். எல்லாம் உறைந்து கிடக்கிற நிலத்தில் மணம் எங்கே இருந்து வரும்? மழை ஓய்ந்து, வற்றிய குளத்துச் சேற்று மணம்.

பகலில் நின்ற கொக்குகளின் சொண்டிலிருந்து புகை மாதிரி மூச்சுப் போனதை அவன் பார்த்திருக்கிறான். இதன் சொண்டில் புகை இல்லை. இவன் வாயிலிருந்துதான் புகை போகிறது. அதன் வாயிலிருந்து ஒன்றும் இல்லை.

அது தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் இவனைப் பார்த்தது. பிறகு தின்றது. ஆறுதலாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு பருக்கையாக, ஒவ்வொரு சோளமாக. ஒன்றும் மிச்சம் விடவில்லை. திரும்பி நடந்தது. கிளிக்... கிளிக்... நாணல் மூடிக்கொண்டது.

கிழவன் திரும்பி வந்து வெறும் இலையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். கொக்கெல்லாம் எப்பவோ போய்விட்டனவே என்று கையால் காட்டினான்.

இரத்தினவேலுக்கு அதெல்லாம் மனதில் ஏறவில்லை. அண்ணை தின்றுவிட்டார். அவ்வளவுதான். நெஞ்சுப் பாரம் இறங்கி, அடுத்த நாளே தாய்க்கு எழுதினான், அண்ணைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று.

கப்பல் வான்கூவருக்கு வந்தது. அங்கே அவனுக்கு இரண்டு கடிதம் காத்திருந்தது. கப்பல்காரருக்குக் கடிதம் துறை துறையாகப் பின்னால் துரத்தித்தான் வரும். முதல் கடிதம் குணவதி எழுதியது, கார்த்திகை மாதம். அருள்நாயகம் உயிரோடு வந்துவிட்டான். தலையில் அடிபட்டு, ஊர் பேர் சொல்லத் தெரியாமல் கிடந்தவனை மலையகத்தில் ஒரு தோட்டக் குடும்பம் ஒளித்து வைத்துப் பார்த்திருக்கிறது. இப்போது ஒரு குறையும் இல்லை, மூன்று நேரமும் சட்டி வழித்துச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாள்.

பெடியன் டெக்கில் இருந்து அழுதானாம், சந்தோஷத்தில். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறவன் பெயரில் பிதிர்ச் சோறு வைத்திருக்கிறான். காகத்துக்கு அது தெரிந்திருக்கிறது. தொடவில்லை.

இரண்டாவது கடிதம் மார்கழி முடிவில் எழுதியது. அமாவாசையன்று மத்தியானம் அவர் சாப்பிட இருந்தார், சோற்றைக் குழைத்தார், கையை நிறுத்தினார், நான் இப்பதான் சாப்பிட்டனான் என்று கையைக் கழுவிவிட்டு எழும்பினார். அன்றைக்குத் தொடக்கம் வாயில் சோறு வைக்கிறாரில்லை, பழமும் தேத்தண்ணியும்தான் என்று எழுதியிருந்தாள்.

நேரக் கணக்கு எனக்குத் தெரியாது. நவரட்ணம் பேப்பரில் போட்டுப் பார்த்தான். யப்பானில் பின்னேரம் நாலு மணி என்றால் இணுவிலில் பகல் பன்னிரண்டரை.

எண்பத்தாறில் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். இந்த மல்வேர்னில்தான், நாலாவது மாடி. அருள்நாயகத்தை நான் அங்கேதான் முதன்முதல் கண்டேன். நல்ல மனிதன், பகிடி விடுவான். உடம்பு மட்டும் வேலிக் கம்பு. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் தலையைச் சரித்துச் சோற்றை ஒரு கண்ணால் பார்ப்பான். பார்த்துவிட்டுத் தள்ளுவான். டொக்டர்மார் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை என்றார்கள். எனக்கு டொக்டர்மாரிலும் நம்பிக்கை இல்லை, ஆனால் மூன்று பேர் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

குணவதி விடவில்லை. புட்டு அவிப்பாள், கஞ்சி காய்ச்சுவாள், மீன் குழம்பு வைப்பாள். பதினேழு மாதம் பொட்டோடு காத்திருந்து திரும்ப எடுத்த புருஷனை, கண்ணுக்கு முன்னால் வத்த விட அவளுக்கு மனமில்லை.

போன வருடம் தை மாதம் ஒரு இரவு அவள் எழும்பிப் பார்த்தாள். கட்டிலில் ஆள் இல்லை. குளியலறையில் லைற் இல்லை. தண்ணீர் மட்டும் மெல்ல... தளக்... தளக்... என்று கேட்டது. கதவைத் தள்ளினாள். தொட்டியில் முழங்கால் மட்டத்துக்குச் சுடாத பச்சைத் தண்ணீர். அதற்குள் அவன் நிற்கிறான். நாடியை நெஞ்சில் புதைத்து, கண்ணை மூடி... ஒற்றைக் காலில்.

"வெளியை விடத் தண்ணிக்குள்ளதான் சூடு, குணம்" என்றானாம், கண்ணைத் திறக்காமல்.

ஏன் நீக்கிலாஸ், இப்போது சிரிக்கவில்லை?

அதன் பிறகுதான் இரத்தினவேல் மச்சாள் குணவதியிடம் உண்மையைச் சொல்லி அழுதான். தமையனிடம் சொல்லவில்லை. அவள் திட்டவில்லை. வைத்தவன் நீ, நீயே உன் கையால் ஊட்டு என்று சுடுசோறு ஆக்கிக் கொடுத்தாள். நவரட்ணமும் நானும் அந்த மேசையில் இருந்தோம். பெடியன் சோற்றை உருட்டி அண்ணனின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். அருள்நாயகம் அந்தக் கையை மெல்லப் பிடித்துத் தாழ்த்தினான். கோபமில்லை. சிரித்த முகம்தான்.

"நீதானே தம்பி அண்டைக்குச் சோறு வைச்சனி. எனக்கு அது காணும்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "விறைச்சுக் கிடந்தது. எண்டாலும் நல்ல சோறு" என்றான்.

குணவதி முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு. அதை அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், இருக்கிறதா என்று.

பத்து நாள். நித்திரையில் போனான்.

இங்கே சவம் எடுக்கிறவர்கள் வாயைத் தைத்துவிடுவார்கள், தெரியும்தானே. வாய்க்கரிசி போட வேண்டும், தைக்க வேண்டாம் என்று நவரட்ணம் இங்கிலீசில் இரண்டு தரம் சொல்லி, எழுதியும் கொடுத்தான். அவர்கள் அப்படியே விட்டார்கள். பெட்டி மூடும் வரைக்கும் நான் அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. வெள்ளைக்காரன் என்ன செய்வான் என்று ஆருக்குத் தெரியும்? ஒருவரும் அவன் முகத்துக்குக் கிட்டப் போகவில்லை. அதை நான் எங்கேயும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

குணவதியை முதலில் விட்டோம். அவள் கையில் பச்சரிசி. மற்றக் கையால் அவன் நாடியை மெல்லக் கீழே இறக்கி வாயைத் திறந்தாள்.

மணம் வந்தது. வற்றிய குளத்துச் சேற்று மணம். பின்னால் நின்ற இரத்தினவேல் சுவரைப் பிடித்தான்.

நான் குனிந்து பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. தொட்டுப் பார்க்காமல் நான் எதையும் நம்புகிறவனில்லை. விரலை விட்டுத் தொட்டேன். சோளம். முழுச் சோளம், ஒன்றும் கடிபடவில்லை. ஈரம். ஐஸ் மாதிரிக் குளிர்.

குணவதி அரிசியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள்... நெடுநேரம் நின்றாள்.

அரிசி போட அந்த வாயில் இடம் இருக்கவில்லை.