புற்றுமண்ணில் கொஞ்சம் மஞ்சள்

எனக்குக் காப்பியில் சீனி தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. உங்கள் கான்ஸ்டபிள் வாங்கி வந்தது அருமை. சந்தோஷமாக இருந்தால் எனக்கு இனிப்புக் கேட்கும். ஒரு வாரமாகவே தலைகால் புரியவில்லை.

எழுபத்தெட்டில் மதுரைக்குப் போய் ஆறு வருஷம் எலி ஈரலை அரைத்து ஆராய்ச்சி செய்தேன். ஈரலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் குட்டிப் பம்ப்செட்டுகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். ஆக்சிஜனைச் செலவழித்துப் புரோட்டான்களை மேல்தொட்டிக்கு ஏற்றும். அவை இறங்கி வரும்போதுதான் உடம்புக்கு வேலை நடக்கும். தொட்டியில் ஓட்டை விழுந்தால் மோட்டார் விடாமல் ஓடும், வேலை நடக்காது, சூடுதான் மிச்சம். மஞ்சள் நிறத்தில் ஒரு ரசாயனத் தூள் அந்த ஓட்டையைப் போடும். எலி ஈரலில் ஆக்சிஜன் செலவு விறுவிறுவென்று ஏறியதைக் கண்டு ஆய்வகத்தில் குதித்திருக்கிறேன். பேராசிரியர் சங்கரசுப்பு, "எலிக்குச் சரி வே, மனுஷனுக்கு?" என்று என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நியாயமான கேள்வி. பங்குனியில் சங்கரன்கோவிலுக்கு, வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கோமதித்தாய் தெரியாத மருந்தைத் தொடமாட்டாள். கோயில் புற்றுமண் என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுவாள். அதில் தூளைக் கலந்தேன்.

மூன்றாம் நாள் ஃபேனுக்கு அடியில் குளித்தவள் மாதிரி வேர்த்தாள். நிமிஷத்துக்குப் பதினாறு மூச்சு இருபத்தெட்டானது, அப்புறம் நாற்பது. கிராஃப் தாளில் கோடு எலியின் கோட்டைப் போலவே ஏறியது. சிரிப்பு தாங்காமல் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டு முத்துத்தாய் தொட்டுப் பார்த்து, "உடம்பு நெருப்பா கொதிக்கே, ஆசுபத்திரிக்குத் தூக்குங்க" என்றாள்.

"அம்மை பாத்திருக்கு மதினி. உடம்புல முத்து இன்னும் வெளிய வரல" என்று வாசலில் வேப்பிலை கட்டினேன். அதன்பின் யாரும் உள்ளே வரவில்லை. நிம்மதியாக எண்ண முடிந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவளே என் கையைப் பிடித்தாள். "ஏங்க, அந்தக் கோயில் மண்ணு இன்னும் கொஞ்சம் தாங்களேன். காய்ச்ச விட்டுரும்லா."

மிச்சம் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். மூன்று மணிக்குக் கோடு நின்றது.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அவள் வாய்விட்டுக் கேட்டதை நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.